உடம்பில்லாத முகம், முகமில்லாத உடம்புகள்
கேடுற்ற எதிர்காலக் கதைகளில் பிடித்த பாத்திரங்கள் குறித்து

1

'உனக்குப் பிடித்த பாத்திரம் எது?' என்ற கேள்வியைச் சிறுபத்திரிகை வட்டாரத்தில் யாரும் யாரையும் கேட்பதில்லை. அது பத்தாம் வகுப்புத் துணைப்பாடத்து ஐந்து மதிப்பெண் கேள்வி. வாரப்பத்திரிகைக்குக் கடிதம் போடுகிறவர் கேட்கிற கேள்வி. தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' 1982இல் வந்த பிறகு 'பாத்திரம்' என்ற சொல்லையே நாம் கொஞ்சம் கூச்சத்தோடுதான் எழுதுகிறோம். பாத்திரம் என்று தனியாக ஒன்று கிடையாது, கதைக்குள் ஒரு வேலையைச் செய்கிற இடம்தான் உண்டு. வீரன், உதவுகிறவன், எதிரி, அனுப்பிவைக்கிறவன் என்று விளாதிமிர் பிராப் 1928லேயே ருஷ்ய நாட்டார் கதைகளைப் பிரித்துப் போட்டாச்சு. அந்த இடத்தில் ராஜா நின்றால் என்ன, நரி நின்றால் என்ன? 'பாத்திரப் படைப்பு' என்று தலைப்புப் போட்டு, தலைவியின் நற்பண்புகளை வரிசையாக எண் போட்டு எழுதிய ஆய்வேடுகளை எம்.ஏ. தமிழில் படித்து நொந்தவர்களுக்கு இந்தப் பிரிப்பு பெரிய ஆறுதலாகவும் இருந்தது. அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் நாம் பாத்திரத்தைக் கைவிட்ட பின்னும் அதிகாரம் அதைக் கைவிடவில்லை. எம்.எஸ்.எஸ். பாண்டியன் எம்.ஜி.ஆர். பற்றி 1992இல் எழுதிய 'தி இமேஜ் ட்ராப்' இதைத்தான் பேசுகிறது. திரையில் ஏழைக்காகச் சண்டை போட்ட பாத்திரத்தின் மேல் ஏழை வைத்த பிரியம், அந்த ஏழைக்கே அனுகூலமாக இல்லாத ஓர் ஆட்சிக்கு எப்படி முட்டுக்கொடுத்தது என்பது அதன் விசாரணை. தமிழ்நாட்டில் 'பிடித்த பாத்திரம்' ஓட்டுச்சாவடி வரைக்கும் நடந்து போகும். கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறவனைப் பார்த்துச் சிரிக்கிற நாமும் நமக்குள்ளே ஒரு தலைவரின், ஒரு போராளியின், ஒரு எழுத்தாளரின் முகத்தை ஆணியடித்து மாட்டிக்கொண்டுதான் திரிகிறோம். யாரை நேசிக்கிறோம், எதற்காக நேசிக்கிறோம் என்பதை அற்பக் கேள்வி என்று ஒதுக்கிவிட முடியாது.

இதைக் கேட்டுப் பார்க்க வாகான இடம் ஒன்று உண்டு. பதின்பருவத்தினருக்கென்று எழுதப்படும், அல்லது அவர்கள் விழுந்து விழுந்து படிக்கும், டிஸ்டோபியா கதைகள். கேடுற்ற ஓர் எதிர்காலம், அதில் எல்லாவற்றையும் கண்காணிக்கிற ஓர் அரசு, அதை எதிர்க்க நேர்கிற ஒரு பையனோ பெண்ணோ. முகங்களின் மேல் பிரியம் வைக்கப் பழகுகிற வயசுக்காரர்களுக்கு அதிகாரத்தைப் பற்றிச் சொல்லப்படும் கதைகள் இவை. எனக்கு நெருக்கமான சில பாத்திரங்களை (நிலா, ஜீனோ, காட்னிஸ், ரூ, ஜோனாஸ்) ஜவ்வாது மலையின் புதூர்நாட்டிலிருந்து படித்துப் பார்க்கிறேன். எங்கிருந்து படிக்கிறோம் என்பதால் யார் பிடித்தவர் என்பது மாறுகிறது என்பதே என் வாதம்.

2

தமிழில் இந்த வகைக்கு முதலில் நினைவுக்கு வருவது சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. பிறகு தூர்தர்ஷனிலும் வந்தது. அதன் தொடர்ச்சி 'மீண்டும் ஜீனோ'. வணிக எழுத்து என்று நம் பத்திரிகைகள் தள்ளிவைத்த பண்டம்தான். அந்தத் தள்ளிவைப்புக்கு அன்று காரணங்கள் இருந்தன. ஆனால் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் 'அரசாங்கம் என்பது பொய்யாகவும் இருக்கலாம்' என்ற சந்தேகத்தை முதன்முதலில் அடைந்தது மார்க்சியப் பயிலரங்கில் அல்ல, விகடன் பக்கத்தில்தான் என்பதையும் ஒத்துக்கொண்டு மேலே போகலாம்.

கதை 2021இல் நடக்கிறது. நாட்டை ஜீவா ஆளுகிறார். பெயர்கள் இரண்டெழுத்தில்தான் இருக்க வேண்டும். பிள்ளை பெற அனுமதி வேண்டும். வயசானவர்களுக்குத் தவணை முடிந்தால் முடித்துவிடுவார்கள். பிள்ளை பெறும் அனுமதிக்காகக் காத்திருக்கும் மனைவியாகத்தான் நிலா அறிமுகமாகிறாள். கணவன் சிபி காணாமல் போகிறான். அவள் வீட்டுக்குள் ரவி என்பவன் தன் இயந்திர நாய் ஜீனோவோடு குடிவருகிறான். ரவியும் அவன் கூட்டாளி மனோவும் ஜீவாவைக் கவிழ்க்கத் திட்டம் போடுகிறவர்கள். கடைசியில் தெரிகிறது, ஜீவா என்று ஓர் ஆளே கிடையாது. ஹோலோகிராம். ஒளியால் ஆன பிம்பம்.

இந்த இடத்தைச் சும்மா ஒரு மர்மக்கதைத் திருப்பமாகப் படித்துவிட்டுப் போய்விட்டோம். நாடே கும்பிடுகிற முகத்துக்குப் பின்னால் உடம்பு இல்லை. ஆனால் அதிகாரம் இருக்கிறது, அனுமதிச் சீட்டு இருக்கிறது, கொலை இருக்கிறது. இதை எழுதியவர் ஒரு பொறியாளர், பாரத் எலெக்ட்ரானிக்ஸில் நம்முடைய மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கு வகித்தவர் என்பதையும் சேர்த்து யோசித்தால், ஃபூக்கோவை இழுக்காமலேயே கொஞ்ச தூரம் போகலாம்.

அதைவிட முக்கியம் அடுத்து நடப்பது. உடம்பில்லாத முகம் கலைந்த பிறகு காலி இடத்துக்கு இன்னொரு முகம் தேவைப்படுகிறது. நிலாவை ராணியாக்குகிறார்கள். ஆளுகிறவர்கள் ரவியும் மனோவும், நிலா பொம்மை. புரட்சிக்காரர்கள் பழைய எந்திரத்தை உடைக்கவில்லை, அதில் படத்தை மட்டும் மாற்றிப் போடுகிறார்கள். முன்னே ஒளிப்பிம்பம், இப்போ உயிருள்ள ஒரு பெண். உயிருள்ளதால் இன்னும் வசதி; ஜனங்கள் நம்பத் தயாராக இருக்கிறார்கள்.

தமிழ் வாசகர்களிடம் இந்தக் கதையில் யாரைப் பிடிக்கும் என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் ஜீனோ என்பார்கள். நியாயம்தான். புத்தகம் படிக்கும், கிண்டலடிக்கும், தனக்குக் கொடுத்த நிரலைத் தாண்டி யோசிக்கும் நாய். ஆனால் அந்தப் பிரியத்தைக் கொஞ்சம் சொறிந்து பார்க்க வேண்டும். எஜமானரைவிட அறிவாளியாக இருந்தும் எஜமானியின் காலடியில் படுத்துக் கிடக்கிற வேலைக்காரன் என்பது நம் நடுத்தர வர்க்கத்தின் நெடுநாள் ஆசை. கூலி கேட்காது; சோறு கேட்காது; சாதி கிடையாது. ஜீனோவை நேசிப்பதில் நமக்கு எந்தச் செலவும் இல்லை.

இருந்தாலும் ஜீனோவை முழுசாகத் தள்ளிவிட மனசு வரவில்லை. காரணம், வடார்க்காட்டுக்காரர்களுக்கு ஜீனோ வேறொரு ஆளை நினைவுபடுத்தும்: தெருக்கூத்துக் கட்டியங்காரனை. திரைக்குப் பின்னால் ஆடிக்கொண்டு நிற்கிற ராஜாவைப் பார்த்து, 'நீர் யார்? பேர் என்ன? எந்த ஊர்?' என்று கேட்காமல் கட்டியங்காரன் அவனைச் சபைக்குள் விடமாட்டான். துரியோதனனானாலும் பதில் சொல்லியாக வேண்டும். கட்டியங்காரனும் ராஜாவின் சேவகன்தான், ஆனால் ராஜாவிடம் அடையாளம் கேட்கிற சேவகன். ஜீனோவின் கேலியில் அந்த வேலை நடக்கிறது. நாட்டில் யாரும் ஜீவாவைப் பார்த்துக் கேட்காத 'நீர் யார்?' என்ற கேள்வி அந்த நாயின் பேச்சில் இருக்கிறது. எனக்குப் பிடித்த ஜீனோ இந்த ஜீனோ. நிலாவை எனக்குப் பிடிப்பதும் அவள் ராணியானதால் அல்ல. கேள்வி கேட்கத் தெரியாதவளாகக் கதைக்குள் வந்தவள், ஒரு நாயிடம் கற்றுக்கொண்டு, தன் முகத்தையே சந்தேகப்படும் இடம் வரைக்கும் வந்து சேர்வதால். ஒரு பெண்ணுக்கு அறிவு ஓர் ஆணின் எந்திரம் வழியாகத்தான் வர வேண்டியிருக்கிறது என்ற சுஜாதாவின் எல்லையையும் இங்கேயே குறித்துவிடலாம்.

கதையின் 2021 நமக்குப் பின்னால் போய்விட்டது. 2020இலும் 2021இலும் பக்கத்து மாவட்டத்துக்குப் போக இ-பாஸ் வாங்கினோம். விரல்ரேகை பதியாவிட்டால் ரேஷன் அரிசி இழுபறியாகிற காலம் வந்தாச்சு. இதெல்லாம் நகரத்து வாசகனுக்கு 'அட, சுஜாதா அப்பவே சொல்லிட்டாரே' என்று வியக்கிற விஷயம். மலையில் இருப்பவனுக்கு இதில் வியக்க ஒன்றும் இல்லை. அவன் அனுமதி கேட்டு நிற்பது 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டக் காலத்திலிருந்து நடப்பது.

3

புதூர்நாடு திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. நெல்லிவாசல் நாடு, புங்கம்பட்டு நாடு என்று பக்கத்தில் இன்னும் இரண்டு. மலையின் அந்தப் பக்கம் ஜமுனாமரத்தூர். அது திருவண்ணாமலை மாவட்டம். இங்கே வாழ்கிறவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். பேரைச் சொன்னால் 'கேரளாவா?' என்று சமவெளியில் கேட்பார்கள். பட்டியலில் இந்தப் பழங்குடியின் பெயருக்குப் பக்கத்திலேயே மாவட்டங்களின் பெயரும் இருக்கிறது: தர்மபுரி, வடார்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி. அந்த மாவட்டங்களில் இருந்தால்தான் நீ பழங்குடி. ஈரோடு மாவட்டத்து மலையில் இருக்கிற மலையாளி அதே பேச்சு, அதே சாமிகளோடு இருந்தும் பழங்குடி இல்லை. மாவட்ட எல்லையைத் தாண்டினால் ஆளே மாறிவிடுகிறான். 2019இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது புதூர்நாடு திருப்பத்தூருக்கு வந்தது. மலை நகரவில்லை, ஆட்சியர் அலுவலகம் நகர்ந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சூசன் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' (2008) உலகத்தில் மனுசர்களுக்கு ஊர்ப்பேர் இல்லை, மாவட்ட எண்தான் இருக்கிறது. கேப்பிட்டல் என்கிற தலைநகரம். அதற்கு நிலக்கரி, தானியம், துணி, மின்சாரம் என்று அனுப்புகிற பன்னிரண்டு மாவட்டங்கள். ஒரு காலத்தில் கலகம் செய்ததற்குத் தண்டனையாக, ஒவ்வொரு மாவட்டமும் ஆண்டுதோறும் 12 முதல் 18 வயசுக்குள் ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் சீட்டுக் குலுக்கிக் கொடுக்க வேண்டும். இருபத்துநாலு பேரையும் ஒரு காட்டுக்குள் விட்டு, ஒருவர் மிஞ்சும் வரை கொன்றுகொள்ளச் சொல்வார்கள். நாடே அதைத் தொலைக்காட்சியில் பார்க்க வேண்டும்.

மாவட்டம் 12இன் காட்னிஸ் சுரங்கத் தொழிலாளியின் மகள். அப்பா சுரங்க விபத்தில் செத்துப்போனார். மின்சாரம் பாய்வதாகச் சொல்லப்படும் வேலிக்கு அடியில் நுழைந்து காட்டுக்குப் போய் வேட்டையாடி, கிழங்கு தோண்டி, வீட்டைக் காப்பாற்றுகிறாள். அவள் பேரே தண்ணீரில் விளைகிற ஒரு கிழங்கின் பேர். மலைப் பிள்ளைகளுக்கு ஒரு சாயங்காலம் இந்தக் கதையை வாய்ச்சொல்லாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் கேட்டான், "அந்தக் கெழங்கச் சுட்டுத் தின்றதா, அவிச்சுத் தின்றதா?" ஒரு பெண் கேட்டாள், "வேலியத் தாண்டிப் போயி மொசலு புடிச்சா கேசு போட மாட்டாங்களா?" உலகம் முழுக்க இந்தக் கதையைப் பற்றி எழுதப்பட்டவற்றில் இந்த இரண்டு கேள்விகளும் எனக்குக் கிடைக்கவில்லை. நகரத்தில் காட்னிஸ் ஒரு சாகசக்காரி, வில் பிடித்த பெண்ணியக் குறியீடு. இங்கே அவள் தெரிஞ்ச வீட்டுப் பிள்ளை. காட்டுப் பொருள் எடுத்தால் குற்றம், எடுக்காவிட்டால் பட்டினி என்கிற கணக்கைப் போட்டுப் பழகிய கை அவளுடையது.

நாவலில் டெசரா என்று ஓர் ஏற்பாடு வருகிறது. ஓர் ஆளுக்கு ஓராண்டுக்கான கொஞ்சம் தானியமும் எண்ணெயும் வேண்டுமானால், பிள்ளைகள் தங்கள் பேரைக் குலுக்கலில் இன்னொரு முறை சேர்த்துக்கொள்ளலாம். பணக்கார வீட்டுப் பிள்ளையின் பேர் சில முறைதான் இருக்கும். பதினாறு வயசுக் காட்னிஸின் பேர் 20 முறை. அவள் தோழன் கேலின் பேர் 42 முறை. சீட்டு யாருக்கும் பாரபட்சம் பார்க்காது. சீட்டுகளின் எண்ணிக்கையில்தான் பாரபட்சம் எல்லாம். பெரிய அரசியல் பொருளாதாரத்தை ஒரு தானியப் பையில் கட்டிக் கொடுத்துவிட்டார் ஆசிரியர்.

இந்தப் பக்கத்தைப் படிக்கிறபோது 2015 ஏப்ரல் 7ஐ நினைக்காமல் இருக்க என்னால் முடியாது. ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டச் சேஷாசலம் காட்டில், செம்மரக் கடத்தல் தடுப்புக்கென்று அமைக்கப்பட்ட அதிரடிப்படை தமிழ்நாட்டுக்காரர்கள் 20 பேரைச் சுட்டுக் கொன்றது. ஜவ்வாது மலையிலிருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். கல்லும் கோடரியும் கொண்டு தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். முன்னதாகவே பிடித்துக்கொண்டுபோய்ச் சுட்டார்கள் என்று மனித உரிமை அமைப்புகள் குற்றம்சாட்டின. யார் எப்படிச் செத்தார் என்பது ஒருபுறம் இருக்க, அந்தக் காட்டுக்குள் யார் போகிறார் என்பது சந்தேகமில்லாத விஷயம். ஏஜெண்ட்டிடம் முன்பணம் வாங்கினவன் போகிறான். முன்பணம் என்பது எங்கள் டெசரா. சாமையும் புளியும் தேனும் விற்று ஆண்டை ஓட்ட முடியாத வீட்டின் பேர் குலுக்கலில் அதிக முறை இருக்கிறது. மரத்தை வாங்கி விற்கிறவன் பேர் ஒருமுறைகூட அதில் இல்லை.

பத்திரிகைகளில் வந்த படங்களில் செம்மரக் கட்டைகளும் உடம்புகளும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. 'மரம் வெட்டிகள்' என்று எழுதினார்கள். முகமில்லாத உடம்புகள். ஜீவாவுக்கு நேர் எதிர்முனை. ஓர் ஒளிப்பிம்பத்துக்கு முகம் மட்டும் கொடுக்கிற அதே ஏற்பாடு, மலையிலிருந்து இறங்குகிறவனுக்கு உடம்பை மட்டும் விட்டுவைக்கிறது.

4

காட்னிஸ் விளையாட்டில் பிழைக்கிறாள். அதற்குப் பிறகுதான் அவளுக்குப் பெரிய ஆபத்து. மூன்றாம் பாகமான 'மாக்கிங்ஜே'யில் (2010), மாவட்டம் 13இல் ஒளிந்திருந்த எதிர்ப்பு இயக்கம் அவளைத் தன் முகமாக்குகிறது. ஒப்பனை, உடை, ஒளிப்பதிவுக் கூடம், எழுதிக் கொடுத்த வசனம். அவளுக்கு நடிக்கவே வரவில்லை. அப்போது அவளைப் பயிற்றுவித்த ஹேமிட்ச் ஒரு கேள்வி கேட்கிறான்: இந்தப் பெண் நிஜமாகவே உங்களை உலுக்கிய கணம் எது? கூடியிருப்பவர்கள் சொல்கிற கணங்களில் ஒன்றுகூட எழுதிக் கொடுத்தது இல்லை. தங்கச்சிக்குப் பதிலாகத் தானே வந்து நின்றது. மாவட்டம் 11இன் பன்னிரண்டு வயசுச் சிறுமி ரூவைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டது. அவள் சாகும்போது பாடியது. எல்லாமே இன்னொருவர் பக்கத்தில் இருந்த கணங்கள். தனியாக நின்ற காட்னிஸ் யாரையும் உலுக்கவில்லை. இதை நாவலே சொல்லிவிடுகிறது; ஆனால் சினிமாச் சுவரொட்டி அவளைத் தனியாகத்தான் நிறுத்தியது.

ரூ எனக்குப் பிடித்த பாத்திரம். பழத்தோட்டத்தில் கூலிவேலை பார்த்து, மரம் விட்டு மரம் தாவத் தெரிந்த, கருத்த நிறத்துப் பெண். 2012இல் படம் வந்தபோது, ரூவாகக் கறுப்பினச் சிறுமி நடித்ததைப் பார்த்து அமெரிக்க ரசிகர்களில் ஒரு கூட்டம் ட்விட்டரில் குமுறியது. நாவலில் அவள் தோல் கரும்பழுப்பு என்று தெளிவாக எழுதியிருக்கிறது. படித்தவர்கள் படிக்கும்போதே அவளை வெளுத்து வைத்துக்கொண்டார்கள். அழுவதற்குத் தோதான ஒரு முகத்தைத் தாங்களே ஒட்டிக்கொண்டார்கள். 'பிரதியை வாசகன் எழுதுகிறான்' என்று நாம் கொண்டாடுகிறோமே, வாசகன் தன் சாதியோடும் நிறத்தோடும்தான் எழுதுவான் என்பதற்கு இது சாட்சி. சேஷாசலத்துக்காக அழ நம்மில் எத்தனை பேருக்கு ஒரு முகம் தேவைப்பட்டது, அது கிடைக்காததால் எவ்வளவு சீக்கிரம் மறந்தோம் என்பதையும் இதோடு வைத்து யோசிக்கலாம்.

கடைசியில் காட்னிஸ் செய்கிற ஒரு காரியத்தால்தான் இந்தக் கதை எனக்கு முக்கியமாகிறது. சர்வாதிகாரி ஸ்னோ பிடிபட்டாச்சு. அவனைக் கொல்லும் அம்பு அவள் கையில். எதிர்ப்பு இயக்கத்தின் தலைவி காயின், கேப்பிட்டலின் பிள்ளைகளை வைத்துக் கடைசியாக ஒரு விளையாட்டு நடத்தலாம் என்கிறாள். காட்னிஸ் அம்பைத் திருப்பிக் காயினைக் கொல்கிறாள்.

இது புரட்சியைக் கொச்சைப்படுத்துகிற மேற்கத்திய தாராளவாதம், 'எல்லாரும் ஒண்ணுதான்' என்கிற சோர்வுவாதம் என்று தோழர்கள் சொல்லக்கூடும். அந்த விமர்சனத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஸ்னோவையும் காயினையும் ஒரே தராசில் போடுவது வசதியானது. ஆனால் தமிழில் இருந்துகொண்டு இந்தப் பக்கத்தை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. வன்னியில் போரின் கடைசி ஆண்டுகளில் வீட்டுக்கு ஓர் ஆள் என்று பிள்ளைகளை இயக்கம் கட்டாயமாகப் பிடித்துப் போனது. ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) அதற்கும் முந்தின கட்டத்து இயக்கப் பையன் ஒருவனைப் பற்றியது; இயக்கத்தில் சேர்ந்து இயக்கத்தாலேயே உதைபடுகிறவன். அந்தக் கதைகளைக் காது கொடுத்துக் கேட்க நம் மேடைகளுக்கு எவ்வளவு காலம் பிடித்தது? அரசு கொன்ற பிள்ளைக்கு அழுவதும், விடுதலையின் பேரால் எடுத்துப்போன பிள்ளைக்கு அழுவதும் ஒன்றையொன்று ரத்து செய்யாது. பேரினவாத அரசின் குற்றம் இதனால் ஒரு துளிகூடக் குறையவும் குறையாது. காட்னிஸின் அம்பு திரும்பியதை நான் இப்படித்தான் படிக்கிறேன்: தன்னை முகமாக்கிக்கொண்ட கூட்டத்திடம், என் முகத்தை வைத்து இன்னொரு குலுக்கல் நடத்த விடமாட்டேன் என்று சொல்வது. நிலாவின் பொம்மை முடிக்கும் இந்த அம்புக்கும் இடையே ஒரு கோடு போகிறது.

லோய்ஸ் லோரியின் 'தி கிவர்' (1993) நாவலின் ஜோனாஸ் அந்தக் கோட்டில் வேறொரு புள்ளி. நிறமும் வலியும் நினைவும் இல்லாத ஒழுங்கான சமுதாயம். முதியவர்களையும் எடை தேறாத சிசுக்களையும் ஊசி போட்டு 'விடுவிக்கிற' சமுதாயம். எல்லாருடைய நினைவையும் சுமக்கப் பன்னிரண்டு வயசு ஜோனாஸைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்ற பெருமை அவனுக்குக் கொஞ்ச நாள் இருக்கிறது. கொல்லப்பட இருக்கிற கேப்ரியல் என்ற குழந்தையைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு அவன் ஓடும்போது அந்தப் பெருமை காணாமல் போய்விடுகிறது. தலைவனாகவில்லை, ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனான். அதனால் பிடிக்கிறது.

5

இந்தக் கதைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு முடிச்சு இருக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரே ஆள். 'ஹங்கர் கேம்ஸ்' முழுக்கத் தன்மை ஒருமையில், நிகழ்காலத்தில் சொல்லப்படுகிறது: நான் ஓடுகிறேன், நான் பார்க்கிறேன். ஒரு முகமாக்கப்படுவதை எதிர்க்கிற கதை, தன் சொல்முறையால் அவளையே ஒரே முகமாக்கிக்கொண்டிருக்கிறது. கதை சொல்வதற்கும் கதை நடத்துவதற்கும் இடையே உள்ள இந்த முரணைப் பாத்திரத்தை வெறும் 'செயல்' என்று பார்க்கிற அமைப்பியல் பிடிக்காது. பாத்திரத்தை நேசிக்கிற வாசகரும் பார்க்கமாட்டார். இரண்டையும் ஒன்றாக வைத்தால்தான் தெரியும்.

நிஜத்திலும் இதே முடிச்சு. 2024 பிப்ரவரியில் ஜவ்வாது மலைப் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, 23 வயசில், உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்ற செய்தி வந்தது. பிள்ளை பெற்ற ஓரிரு நாளில் சென்னை வரைக்கும் போய்த் தேர்வு எழுதினார் என்றார்கள். மலையே சந்தோஷப்பட்டது, நானும்தான். அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் யோக்கியதை கிடையாது. ஆனால் அடுத்த சில நாட்களில் அந்த ஒரு முகத்தை வைத்து என்னென்ன சொல்லப்பட்டன என்பதைக் கவனிக்க வேண்டும். 'முயன்றால் முடியும்' என்றார்கள். அப்போ முடியாதவர்கள் முயலாதவர்கள் என்றாகிறது. பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி மலையிலிருந்து அத்தனை தூரம் போய்த்தான் தேர்வு எழுத முடியும் என்கிற ஏற்பாட்டைப் பற்றிய கேள்வி, தியாகத்தைப் பற்றிய பாராட்டாக மாறிவிடுகிறது. ஒருவர் வெற்றி பெற்றார் என்பது விளையாட்டு நியாயமானது என்பதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது கேப்பிட்டலின் பழக்கம்.

இதற்கு மாற்றாக ஒரு முகம் தேவைப்படாத எதிர்ப்பு உண்டா என்று கேட்டால், இதே மலையாளி மக்களிடம் அது நடந்திருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று, தர்மபுரி மாவட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில், சந்தனக்கட்டைத் தேடுதல் என்ற பேரில் வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் புகுந்து ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் தோழர்களும் துணை நின்று நடத்திய வழக்கில், 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம், குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் அதுவரை உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவர்கள் செய்த மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. முப்பத்தோரு ஆண்டுகள்.

தமிழ்நாட்டுக்கு அவர்களை 'பதினெட்டுப் பெண்கள்' என்றுதான் தெரியும். இப்படிப்பட்ட வழக்கில் பேரையும் முகத்தையும் காட்டக்கூடாது என்பது சட்டம். அந்த மறைப்பு அவர்களைக் காப்பாற்ற வந்தது. ஆனால் அதிலிருந்து வேறொன்றும் விளைந்தது. அவர்களில் யாரையும் கட்அவுட்டாக்க முடியவில்லை. ராணியாக்க முடியவில்லை. ஒருத்தியை விலைக்கு வாங்கினால் வழக்கு முடிந்தது என்று யாரும் கணக்குப் போட முடியவில்லை. பதினெட்டுப் பேரும் ஊரும் சேர்ந்து நின்றார்கள். சேஷாசலத்தில் முகமின்மை அவர்கள்மேல் வீசப்பட்ட ஒன்று. வாச்சாத்தியில் அதே முகமின்மை ஒரு பன்மையாகத் திரண்டது.

இந்தப் பன்மையை எழுத நம்மிடம் வடிவம் இருக்கிறதா? பதினெட்டு நாயகிகள் உள்ள ஒரு டிஸ்டோபியாவை, 'நான்' என்பதற்குப் பதிலாக 'நாங்க' என்று சொல்லப்படுகிற ஒரு கதையை, பதினாலு வயசுப் பெண் ராத்திரி விளக்கில் கண்ணை எடுக்காமல் படிக்கிற மாதிரி எழுத முடியுமா? முடியும் என்று நிரூபித்த பிரதி எதையும் நான் இன்னும் படித்ததில்லை. எழுதுகிற நண்பர்களிடம் என் எதிர்பார்ப்பு இது. களத்தில் இருக்கிற நண்பர்களிடம் கேட்பது இன்னும் சின்ன விஷயம். ஒரு மலைக்கு, ஒரு சேரிக்கு, ஒரு போராட்டத்துக்கு வந்தவுடனே 'இவங்கள்ல யாரு நல்லாப் பேசுவாங்க, யாரப் படம் புடிக்கலாம்?' என்று தேடுகிற பழக்கத்தைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கலாம். 2014இல் தாய்லாந்திலும் 2021இல் மியான்மரிலும் ராணுவ ஆட்சிக்கு எதிராக மாவட்டம் 12இன் மூன்று விரல் வணக்கத்தைத் தூக்கியவர்கள் காட்னிஸின் படத்தைத் தூக்கவில்லை, விரலைத் தூக்கினார்கள். யாருடைய கையிலும் மூன்று விரல் இருக்கும். கதையிலிருந்து எதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது.

அதனால் பிடித்த பாத்திரங்கள் யாரென்று கேட்டால் என் பதில்: முடியைச் சந்தேகப்படும் நிலா, அம்பைத் திருப்பிய காட்னிஸ், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஜோனாஸ், மரம் விட்டு மரம் தாவும் ரூ. ஜீனோவும்தான், கட்டியங்காரனாக இருக்கிற அளவுக்கு. இனி வரப்போகிற முகங்களும் திரைக்குப் பின்னால் சலங்கை கட்டிக்கொண்டுதான் நிற்கின்றன, நமக்குப் பிடித்த முகங்களும் உட்பட. பேர் என்ன, எந்த ஊர், யார் அனுப்பினது என்று கேட்டுவிட்டுத்தான் திரையை இறக்க வேண்டும்.